இருப்பிடச் சேவையோடு இணையும்போது செயலி கிராஷ் ஆகிறதா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, நகரமே தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கத்துக்காக ஒரு சிறிய ஆண்ட்ராய்டு செயலியை எழுதிக் கொடுத்தேன். லாரி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைக் குடியிருப்போர் தங்கள் கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது. என் மேசையில் இருந்த கைப்பேசியில் அந்தச் செயலி ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. லாரி ஓட்டுநரின் கைப்பேசியில் நாளொன்றுக்கு நான்கைந்து முறை விழுந்தது. அவர் செயலியைத் திறக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் யாராவது அழைப்பார்கள் (வண்டி எங்கே வருகிறது என்று கேட்கத்தான்). அழைப்பை எடுத்ததும் அழைப்புத் திரை மேலே வரும். அந்த நொடியே செயலி கிராஷ் ஆகும், அதாவது தானாக மூடிக்கொள்ளும். ஜிபிஎஸ் சரியில்லை என்று நினைத்து இரண்டு நாள்களை வீணாக்கிய பிறகே, ஜிபிஎஸ்ஸுக்கும் இந்தக் கிராஷுக்கும் தொடர்பே இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

செயலி எழுதுவதற்குப் புதிதாக வருபவர்களில் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவதை அதன் பிறகு தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களுக்காக, நான் இப்போது பிழையைத் தேடும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பெரும்பகுதி ஆண்ட்ராய்டைப் பற்றியது; ஐஃபோனுக்குரிய சில செய்திகள் பின்னால் வருகின்றன.

எந்த இணைப்பு அறுந்தது?

"இணைப்பு போய்விட்டது" என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு இணைப்புகளை ஒரே சொல்லால் குறிப்பிட்டுக் குழம்பிக்கொள்கிறோம். முதலாவது, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்தும், அருகிலுள்ள வைஃபை மற்றும் கைப்பேசிக் கோபுரங்களிலிருந்தும் கைப்பேசிக்கு வரும் சமிக்ஞை. இரண்டாவது, கைப்பேசிக்குள்ளேயே, கூகுள் பிளே சர்வீசஸ் என்ற தனிச் செயல்முறைக்கும் நம் செயலிக்கும் இடையிலுள்ள இணைப்பு. மூன்றாவது, நம் செயலிக்கும் நம் சர்வருக்கும் இடையே இணையத்தின் வழியாகச் செல்லும் இணைப்பு.

முதல் இணைப்பு அறுந்தால் செயலி கிராஷ் ஆகாது. சமிக்ஞை இல்லாத இடத்தில் இருப்பிடம் வராமல் போகும், அல்லது பழைய இருப்பிடமே வரும். அதற்குமேல் எதுவும் நடக்காது. அப்படி வராமல் போகக்கூடும் என்பதை நாம் நிரலில் எதிர்பார்க்காதபோதுதான் கிராஷ் பிறக்கிறது, அது நம் பிழை. இரண்டாவது இணைப்புதான் பெரும்பாலான சிக்கல்களின் பிறப்பிடம். நம் செயலி ஜிபிஎஸ் சில்லுடன் நேரடியாகப் பேசுவதில்லை. வேறொரு செயல்முறையிடம் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. அந்தச் செயல்முறை இன்னும் தயாராகாமல் இருக்கலாம், தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்காக நடுவில் நின்றுபோகலாம், சில கைப்பேசிகளில் இல்லாமலே இருக்கலாம். 2019-க்குப் பிறகு வெளிவந்த ஹுவாவேயின் புதிய மாடல்களில் கூகுள் பிளே சர்வீசஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வேலை: பதிவை வாசிப்பது

எதையும் மாற்றுவதற்கு முன் கிராஷ் பதிவை வாசியுங்கள். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் பதிவுகளைக் காட்டும் லாக்கேட் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிராஷை மீண்டும் நிகழ்த்துங்கள். "ஃபேட்டல் எக்ஸப்ஷன்" என்று தொடங்கும் வரிக்குக் கீழே நீண்ட பட்டியல் ஒன்று வரும். புதியவர்கள் அதன் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு இணையத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டியலில் "காஸ்டு பை" என்ற சொற்கள் இருந்தால், அவற்றுள் கடைசியாக வருவதுதான் உண்மையான காரணம். அதற்குக் கீழே உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயரோடு வரும் முதல் வரிதான் நீங்கள் பார்க்க வேண்டிய இடம்.

கிராஷ் ஆகும் கைப்பேசி உங்கள் கையில் இல்லாதபோது ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ் போன்ற கருவியைச் செயலியில் சேர்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. "திடீரென்று மூடிக்கொள்கிறது சார்" என்று தொலைபேசியில் சொல்லப்படுவதை வைத்துக்கொண்டு பிழையைத் தேடுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம். அந்தக் கருவியில் கைப்பேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலி முன்னால் இருந்ததா பின்னணியில் இருந்ததா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அவற்றிலேயே கிடைத்துவிடும்.

இணைவதற்கு முன்பே கேட்பது

தண்ணீர் லாரிச் செயலியின் பதிவில் இருந்தது "இல்லீகல் ஸ்டேட் எக்ஸப்ஷன்". அதற்கான விளக்கம், பிளே சர்வீசஸோடு நம் செயலியை இணைக்கும் கூகுள் ஏபிஐ கிளையண்ட் இன்னும் இணைக்கப்படவில்லை என்பது. இந்த வகைக் கிராஷ் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், இணையத்தில் பரவிக்கிடக்கும் பழைய பாடங்களும், நிறுவனங்களில் கைமாறிக் கைமாறி வரும் பழைய நிரல்களும்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பழைய முறையில் நாமே ஒரு கூகுள் ஏபிஐ கிளையண்ட்டை உருவாக்கி, "கனெக்ட்" என்று அழைக்க வேண்டும். அந்த அழைப்பு உடனே திரும்பிவிடும். இணைப்பு உருவானதாக அதற்குப் பொருள் இல்லை. இணைப்பு உண்மையில் உருவான பிறகே "ஆன் கனெக்டட்" என்ற அழைப்பு நமக்கு வரும். நினைவகம் போதிய அளவில் உள்ள நல்ல கைப்பேசியில் இந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரம்தான். பழைய, மலிவான கைப்பேசியிலோ சில நொடிகள்கூட ஆகலாம். அந்த இடைவெளிக்குள் திரை முன்னால் வந்து, அதாவது "ஆன் ரெஸ்யூம்" நிகழ்ந்து, அதில் இருப்பிடத் தகவலைக் கேட்டால் கிராஷ். அதே இடைவெளிக்குள் திரை பின்னுக்குத் தள்ளப்பட்டு, அதாவது "ஆன் பாஸ்" நிகழ்ந்து, கேட்டதை ரத்துசெய்ய முயன்றாலும் கிராஷ். என் ஓட்டுநருக்கு நேர்ந்தது இரண்டாவது. அழைப்புத் திரை மேலே வந்ததும், இன்னும் உருவாகாத இணைப்பின் வழியாக, இன்னும் கேட்கவே கேட்காத ஒன்றை ரத்துசெய்யும்படி என் நிரல் கட்டளையிட்டது. என் மேசையில் இருந்த கைப்பேசி வேகமானது என்பதால் அந்த இடைவெளியை நான் பார்க்கவே இல்லை.

பழைய நிரலை உடனே மாற்றியெழுத முடியாத நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. இருப்பிடத்தைக் கேட்கும் அழைப்பை "ஆன் ரெஸ்யூம்" பகுதியிலிருந்து எடுத்து "ஆன் கனெக்டட்" பகுதிக்குள் வையுங்கள்; ரத்துசெய்யும் அழைப்புக்கு முன், கிளையண்ட் இணைந்திருக்கிறதா என்று "இஸ் கனெக்டட்" மூலம் சரிபாருங்கள். திரும்பத் திரும்பத் திரைக்கு வரும்போது இணைப்பு ஏற்கெனவே இருந்தால் "ஆன் கனெக்டட்" மறுபடி வராது என்பதால், "ஆன் ரெஸ்யூம்" பகுதியிலும் "இணைந்திருந்தால் மட்டும் கேள்" என்ற நிபந்தனையோடு ஓர் அழைப்பை வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் சிலர் முழுவதையும், பிழைகளைப் பிடித்து விழுங்கிவிடும் ட்ரை-கேட்ச் என்ற போர்வையால் மூடிவிடுகிறார்கள். கிராஷ் நிற்கும், கூடவே இருப்பிடமும் நின்றுபோகும். லாரி கேளம்பாக்கத்தில் இருக்கும்போது வரைபடம் அதை அரை மணி நேரமாகச் சோழிங்கநல்லூரிலேயே நிறுத்தி வைத்திருக்கும். கிராஷ் ஆனால் பதிவாவது கிடைக்கும். இப்படி மௌனமாகத் தோற்கும் செயலியில் அதுவும் கிடைக்காது. என் கருத்தில் இரண்டாவதுதான் மோசம்.

புதிய கிளையண்ட்டுக்கு மாறுவது

நிலையான தீர்வு, 2017-இல் அறிமுகமான ஃப்யூஸ்டு லொகேஷன் புரொவைடர் கிளையண்ட்டுக்கு மாறுவது. இதில் "கனெக்ட்" என்ற அழைப்பே இல்லை. இணைப்பை நூலகமே உருவாக்கி, தேவைப்படும்வரை வைத்திருந்து, நடுவில் அறுந்தால் மீண்டும் இணைக்கப் பார்க்கிறது. நாம் கேட்பதெல்லாம் ஒரு "டாஸ்க்" ஆகத் திரும்பி வரும். அதில் வெற்றிக்கு ஒரு கேட்பானையும் தோல்விக்கு ஒரு கேட்பானையும் இணைக்க வேண்டும். தோல்விக் கேட்பானை எழுதாமல் விடுவது புதியவர்கள் பலரின் வழக்கம். அதை எழுதி, தவறின் குறியீட்டு எண்ணைப் பதிவிலாவது போட்டுவையுங்கள்.

மாறும்போது கவனிக்க வேண்டிய ஒரு பள்ளம் உண்டு. 2022 அக்டோபரில் வந்த பிளே சர்வீசஸ் லொகேஷன் நூலகத்தின் 21.0.0 பதிப்பில், இந்தக் கிளையண்ட் கிளாஸ் என்ற வடிவத்திலிருந்து இன்டர்ஃபேஸ் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. உங்கள் செயலி புதிய பதிப்பைப் பயன்படுத்த, நீங்கள் சேர்த்திருக்கும் வேறொரு நூலகம் பழைய பதிப்பை வைத்துக் கட்டப்பட்டிருந்தால், "இன்கம்பாட்டிபிள் கிளாஸ் சேஞ்ச் எர்ரர்" என்ற பிழையுடன் செயலி விழும். ஃப்ளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் எழுதுபவர்களுக்கு இது அதிகம் நேர்ந்தது. ஏனெனில் பிளகின்கள் எந்தப் பதிப்பை இழுத்து வருகின்றன என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. செயலியைக் கட்டும் கருவியான கிரேடில் தரும் சார்புப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்து, பிளகினைப் புதுப்பியுங்கள். அது இயலாதபோது மட்டும், தற்காலிகமாக, நூலகத்தை 21-க்கு முந்தைய பதிப்பில் நிறுத்திவையுங்கள்.

இன்னொரு பிழை பார்ப்பதற்குச் சிறியது, கண்டுபிடிப்பதற்குக் கடினமானது. இருப்பிடம் கேட்கும்போது, விடை வந்ததும் அழைக்கப்பட வேண்டிய ஒரு கால்பேக் பொருளைக் கொடுக்கிறோம். ரத்துசெய்யும்போதும் அதே பொருளைக் கொடுக்க வேண்டும். அங்கே புதிதாக ஒரு பொருளை உருவாக்கிக் கொடுத்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பழைய கால்பேக் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். திரை அழிக்கப்பட்ட பிறகு அதற்கு ஓர் இருப்பிடம் வந்து சேரும்; இல்லாத வரைபடத்தில் புள்ளி வைக்க முயன்று செயலி "நல் பாயிண்டர்" பிழையோடு விழும். பயனரோ அந்நேரம் வேறு திரையில் இருப்பார். எதனால் விழுந்தது என்பதை அவரால் சொல்லவும் முடியாது. கால்பேக்கை ஒரே இடத்தில் உருவாக்கி ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, "ஆன் ஸ்டார்ட்" பகுதியில் கேட்டு, "ஆன் ஸ்டாப்" பகுதியில் ரத்துசெய்வதே பாதுகாப்பானது.

அனுமதியும் அமைப்புகளும்

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், செயலி ஓடும்போதே பயனரிடம் இருப்பிட அனுமதியைக் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் கேட்டால் "செக்யூரிட்டி எக்ஸப்ஷன்". இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஒருமுறை கிடைத்த அனுமதி நிலையானது என்று நம்பிவிடுவதுதான் பிழை. ஆண்ட்ராய்டு 11 முதல் "இந்த முறை மட்டும்" என்று பயனர் சொல்ல முடியும். அமைப்புகளுக்குப் போய் எப்போது வேண்டுமானாலும் அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். அப்படித் திரும்பப் பெறும்போது ஆண்ட்ராய்டு நம் செயல்முறையையே கொன்றுவிடும். பயனர் சமீபத்திய செயலிகளின் பட்டியலிலிருந்து திரும்பி வந்தால், முன்பிருந்த திரை காட்டப்படும்; ஆனால் நாம் மாறிகளில் வைத்திருந்த எதுவும் இருக்காது. ஆகவே, இருப்பிடத்தைக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அனுமதியை அந்த நேரத்திலேயே சரிபாருங்கள்; முகப்புத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பயனர் துல்லியமான இருப்பிடத்தை மறுத்து, தோராயமானதை மட்டும் தரலாம். துல்லிய அனுமதியைக் கேட்கும்போது தோராய அனுமதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் கோரிக்கை புறக்கணிக்கப்படக்கூடும். அதேபோல், ஆண்ட்ராய்டு 11-ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலி, முன்னணி அனுமதியையும் (செயலி திரையில் இருக்கும்போது இருப்பிடம் பெற) பின்னணி அனுமதியையும் ஒரே நேரத்தில் கேட்டால், கோரிக்கை முழுவதையும் ஆண்ட்ராய்டு ஒதுக்கிவிடும். இரண்டில் எதுவும் கிடைக்காது. முதலில் முன்னணி அனுமதியைப் பெற்று, பின்னணி எதற்கு என்பதை விளக்கிவிட்டு, அதன் பிறகு இரண்டாவதைக் கேளுங்கள்.

அனுமதி இருந்தும் கைப்பேசியின் இருப்பிட வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸ் கிளையண்ட் மூலம் முதலில் சரிபார்த்தால், தீர்க்கக்கூடிய நிலை என்றால் குறியீடு 6 வரும்; அப்போது பயனரிடம் "இயக்கட்டுமா" என்று கேட்கும் உரையாடலைக் காட்டலாம். 8502 வந்தால் செயலிக்குள்ளிருந்து சரிசெய்ய வழியில்லை. பயனருக்குத் தெளிவான தமிழில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக அறியப்பட்ட இருப்பிடத்தைக் கேட்கும்போது விடை வெறுமையாக, அதாவது நல் ஆக, வரலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய கைப்பேசி, சற்றுமுன் இருப்பிட வசதியை அணைத்து இயக்கிய கைப்பேசி, பிளே சர்வீசஸ் அப்போதுதான் மறுதொடக்கம் ஆன கைப்பேசி ஆகியவற்றில் இது இயல்பானது. வெறுமையாக வந்தால் புதிய இருப்பிடத்தைக் கேட்டுக் காத்திருங்கள். அட்சரேகையை நேரடியாக எடுக்கப் பாயாதீர்கள்.

பின்னணியில் ஓடும்போது

தண்ணீர் லாரிச் செயலியின் முதல் பதிப்பு, திரையில் திறந்திருக்கும்போது மட்டுமே இருப்பிடத்தை அனுப்பியது. ஓட்டுநர் நாள் முழுவதும் ஒரே செயலியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்ற எளிய உண்மை எனக்கு மூன்றாவது நாளில்தான் உறைத்தது. அதன் பிறகு அதை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக, அதாவது அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டு ஓடும் சேவையாக மாற்றினேன். அங்கே வேறு வகைக் கிராஷ்கள் காத்திருந்தன.

முதல் விதி நேரம் பற்றியது. சேவையைத் தொடங்கச் சொன்ன ஐந்து நொடிகளுக்குள் அது தன் அறிவிப்பைக் காட்டி "ஸ்டார்ட் ஃபோர்கிரவுண்ட்" என்று அறிவிக்க வேண்டும். தவறினால் ஆண்ட்ராய்டு செயலியையே வீழ்த்திவிடும். இருப்பிடம் வந்த பிறகு "வண்டி மேடவாக்கத்தில் உள்ளது" என்று அறிவிப்பில் எழுதலாம் என்று காத்திருந்ததால் நான் இதில் மாட்டிக்கொண்டேன். முதலில் பொதுவான அறிவிப்பைக் காட்டிவிடுங்கள். இருப்பிடம் வந்ததும் எழுத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது விதி பதிப்புக்குப் பதிப்பு இறுகிக்கொண்டே வருகிறது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல், பின்னணியிலுள்ள செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 10-இல் சேவையின் வகை இருப்பிடம் என்று, செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் எழுதுவது கட்டாயமானது. ஆண்ட்ராய்டு 12-இல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பின்னணியிலிருந்து இத்தகைய சேவையைத் தொடங்குவதே தடைசெய்யப்பட்டது. ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காகக் கொண்டால், இருப்பிடச் சேவைக்கான தனி அனுமதியையும் மேனிஃபெஸ்ட்டில் அறிவிக்க வேண்டும். விட்டால் "செக்யூரிட்டி எக்ஸப்ஷன்". இலக்குப் பதிப்பை உயர்த்திய மறுநாள் கிராஷ்கள் குவிந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் மேனிஃபெஸ்ட்.

மூன்றாவது, நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு நம் சேவையைக் கொன்றுவிட்டுப் பின்னர் தானே எழுப்புவது. சேவையை "ஸ்டார்ட் ஸ்டிக்கி" என்று அறிவித்திருந்தால் இப்படி எழுப்பப்படும். ஆனால் அப்போது வரும் இன்டெண்ட் (சேவையைத் தொடங்கும்போது நாம் அனுப்பும் செய்தி) வெறுமையாக இருக்கும். லாரியின் எண்ணை இன்டெண்ட்டில் வைத்து அனுப்பிவிட்டு, அதை அங்கிருந்தே எடுக்கும் நிரல் இந்த இடத்தில் விழும். இத்தகைய விவரத்தைக் கைப்பேசியின் சேமிப்பில் எழுதி வைத்து, எழும்போது அங்கிருந்து படியுங்கள்.

முகவரியும் சர்வரும்

மூன்றாவது இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தெருப் பெயராக மாற்றித்தரும் ஜியோகோடர் பெரும்பாலும் இணையத்தை நம்பியே இயங்குகிறது; இணையம் இல்லாதபோது "ஐஓ எக்ஸப்ஷன்" வீசும். அதை நீங்கள் பிடித்தே ஆக வேண்டும். முகவரி கிடைக்காவிட்டால் வெறும் புள்ளியைக் காட்டினால் போதும். மேலும், அதை, திரையை இயக்கும் முதன்மைத் திரெட்டில் அழைத்தால் திரை உறைந்துபோகும். ஆண்ட்ராய்டு 13 முதல் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வடிவமும் கிடைக்கிறது.

சர்வருக்கு இருப்பிடத்தை அனுப்புவது தோற்பது விதிவிலக்கு அன்று, அன்றாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் இல்லாமல் போனது சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். அத்தகைய நேரத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். நம் செயலிதான் அனுப்ப முடியாமல் திணறும். ஒவ்வொரு இருப்பிடத்தையும் முதலில் கைப்பேசியிலுள்ள ரூம் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, இணைப்பு வந்த பிறகு அனுப்பும் பொறுப்பை, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஒர்க் மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டால், இந்த வகைக் கிராஷ் ஏறக்குறைய ஒழிந்துவிடும்.

ஐஃபோனில்

ஆப்பிளின் கோர் லொகேஷனில் இணைப்பை நாம் கையாள வேண்டியதில்லை. எனினும் இரண்டு இடங்களில் செயலி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருமுறை இருப்பிடத்தைக் கேட்கும் "ரிக்வெஸ்ட் லொகேஷன்" அழைப்பைப் பயன்படுத்துபவர்கள், தோல்வியைப் பெறும் டெலிகேட் முறையையும் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிராஷ். பின்னணியில் இருப்பிடத்தைப் பெறும் தேர்வை நிரலில் இயக்கிவிட்டு, ஆப்பிளின் செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடில் பின்னணி முறைகளின் கீழ் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்க மறந்தாலும் கிராஷ். லொகேஷன் மேனேஜரை ஒரு செயற்கூற்றுக்குள் உள்ளூர் மாறியாக உருவாக்கினால் கிராஷ் ஆகாது; விடை மட்டும் வராது. அதை கிளாஸின் உறுப்பாக வையுங்கள்.

வெளியிடுவதற்கு முன் சோதிப்பது

நல்ல கைப்பேசியில் மட்டும் சோதிக்காதீர்கள். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் விசாரித்தால் குறைந்த நினைவகம் கொண்ட பழைய கைப்பேசி ஒன்று மலிவாகக் கிடைக்கும். இணைப்பு மெதுவாக உருவாகும் அந்தக் கைப்பேசியில்தான் மேலே சொன்ன இடைவெளிகள் வெளிப்படும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில், திரையை விட்டு நகர்ந்த உடனே ஆக்டிவிட்டியை அழித்துவிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டுச் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். செயலி ஓடும்போதே அமைப்புகளுக்குப் போய் அனுமதியைப் பறித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இருப்பிட வசதியை அணையுங்கள். செயலியைத் திறந்த நொடியிலேயே இன்னொரு கைப்பேசியிலிருந்து அழைத்து, எடுத்துப் பேசுங்கள். நான் தொடக்கத்திலேயே இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்த இரண்டு நாள்கள் மிஞ்சியிருக்கும்.

எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிக் கைப்பேசியில்) போலி இருப்பிடத்தைக் கட்டளை மூலம் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. சென்னை ஏறத்தாழ 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் லாரி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே நிற்கும். வரைபடம் வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஒருவர் ஒரு மணி நேரம் குழம்பியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இறுதியாக மெட்ரோவில் ஒரு பயணம். சென்ட்ரலில் ஏறி கோயம்பேடு வரை செல்லுங்கள். சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர் வழியாகத் திருமங்கலம் வரை நிலத்தடி. அதன் பிறகு ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வருகிறது. நிலத்தடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காது, இணையமும் வந்து வந்து போகக்கூடும். திருமங்கலத்தைத் தாண்டியதும் இரண்டும் அடுத்தடுத்துத் திரும்பும். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் செயலி என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள்: பழைய இருப்பிடத்தைப் புதியதுபோல் காட்டுகிறதா, சேமித்து வைத்தவற்றை வரிசையாக அனுப்புகிறதா, மேலேறிய பிறகு புள்ளி எவ்வளவு நேரத்தில் கோயம்பேட்டுக்கு நகர்கிறது. சோதனையின்போது செயலியின் பதிவைக் கோப்பாக எழுதும்படி செய்திருந்தால், கோயம்பேட்டில் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டே அதைப் படித்துவிடலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் வெளியிடாதீர்கள். பிளே கன்சோலில் படிப்படியாக வெளியிடும் வசதியைப் பயன்படுத்தி, முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அனுப்பி இரண்டு நாள் பொறுத்திருங்கள். கிராஷ் பட்டியலில் நீங்கள் திருத்திய பிழை காணாமல் போயிருக்கிறதா, அதனிடத்தில் புதிய பெயரில் வேறொன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு எண்ணிக்கையை உயர்த்துங்கள்.